செட்டில் பண்ணுன கடனும் தள்ளுபடிங்கற வார்த்தையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டுக் கடன் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. ரெப்போ ரேட் (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டி) குறைஞ்சிருக்கு, வட்டி எறங்கியிருக்கு, சொந்த வீடு வாங்க இதுதான் நேரம்னு எழுதியிருந்துச்சு. வாஸ்தவம்தான், 2025 பிப்ரவரி ஆரம்பத்துல 6.5 இருந்த ரெப்போ ஜூன்லயே 5.5க்கு வந்துருச்சு, தப்பு சொல்லல. ஆனா சிபில் ஸ்கோர் (வாங்குன கடனை எப்படிக் கட்டினோம்னு பார்த்துப் போடற மார்க்கு) 750க்கு மேல இருந்தா பேங்குக போட்டி போட்டுத் தரும்னு ஒரு வரி எழுதிட்டு, 750க்குக் கீழ இருக்கறவன் எங்க போறதுன்னு ஒரு வார்த்தை கூட இல்லீங்களே. அதே பேப்பர்ல உள்பக்கம் இன்னொரு செய்தி, பேங்குக இத்தனை கோடி வாராக்கடனைத் தள்ளுபடி பண்ணிருச்சுன்னு கொட்டை எழுத்துல. ரெண்டையும் ஒரே நாள்ல படிச்சதுக்கப்புறம் எனக்கு எழுதாம இருக்க முடியல. அந்தத் தள்ளுபடிங்கற ஒத்த வார்த்தையை நம்பி ஒன்றரை வருஷம் தெருத்தெருவா அலைஞ்சவன் நான்.

திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருந்தேனுங்க. பன்னெண்டு மெஷின், வாடகை செட், பனியன் தைச்சுக் கொடுக்கற வேலை. 2020 மார்ச்ல லாக்டவுன் வந்தப்ப கட்டிங் ஆன துணி பண்டல் பண்டலா அப்படியே கெடந்துச்சு, ஆர்டர் குடுத்தவங்க போனை எடுக்கல, வேலை செஞ்ச வடநாட்டுப் பசங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க. அப்ப எங்கிட்ட ஒரு கிரெடிட் கார்டு இருந்துச்சு, லிமிட் 75,000. நூலு, ஊசி, கரண்ட் பில்லுன்னு தேய்ச்சு 62,000 பாக்கி நின்னுச்சு. மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் தவணை கட்ட வேண்டாம்னு மாரடோரியம் வந்துச்சு இல்லீங்களா, கட்ட வேண்டாம்னா வட்டியும் இல்லைன்னு நெனைச்சுட்டு நிம்மதியா இருந்தவங்கள்ல நானும் ஒருத்தன். வட்டி அது பாட்டுக்கு மாசம் மூன்றரை பர்சண்ட் ஏறிட்டே இருந்துச்சு, வட்டிக்கு மேல 18 பர்சண்ட் ஜிஎஸ்டி, ஆகஸ்டுக்கப்புறம் லேட் ஃபீஸ் வேற. 2021 மார்ச்ல ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தா 1,06,000.

யூனிட்டை மூடி மெஷினை வித்து ஆளுங்க சம்பளத்தையும் செட் வாடகையையும் குடுத்ததுல கை சுத்தமா காலி. போன் மட்டும் நிக்காது. காலைல ஆறரைக்கு வரும், ராத்திரி பத்துக்கு வரும், எங்க மாமியார் நம்பரு எப்படிக் கெடைச்சுதோ அவங்களுக்கும் வரும். (காலைல 8 மணிக்கு முன்னால, சாயந்தரம் 7 மணிக்கு மேல வசூலுக்கு போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022 ஆகஸ்ட்ல தெளிவா ஒரு உத்தரவு போட்டுச்சு, எனக்கு அது ஒரு வருஷம் லேட்டு.) கடைசியில ஒரு பையன் நேர்லயே வந்தான். புஷ்பா தியேட்டர் ஸ்டாப் பக்கம் டீக்கடையில உக்காந்து பேசினோம். நல்ல மாதிரியாத்தான் பேசுனான், அதைச் சொல்லணும். "அண்ணா, 46,000 மூணு தவணையா கட்டிருங்க, மீதி 60,000 தள்ளுபடி, அக்கவுண்ட் முடிஞ்சுது, இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க"ன்னான். சம்சாரத்தோட செயினை அடகு வெச்சு மூணு தவணையும் கட்டினேன். வாட்ஸ்அப்ல ஒரு லெட்டர் அனுப்புனான், ஒரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அதுல செட்டில்மெண்ட்னு இருந்துச்சு. போன் நின்னுருச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்குன தூக்கம் மாதிரி அதுக்கு முன்னால ஒரு வருஷத்துல தூங்கல.

நான் ஏன் நம்புனேன்னு கேட்டீங்கன்னா, அந்தச் சமயத்தைப் பாருங்க. 2021 பிப்ரவரிலதான் கூட்டுறவு சொசைட்டி பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடின்னு அரசாங்கம் சட்டசபையில அறிவிச்சுது, 16 லட்சத்துக்கு மேல விவசாயிங்களுக்கு. எங்கப்பா வெள்ளகோவில் பக்கம் விவசாயம், அவருக்கு சொசைட்டியில 72,000 இருந்துச்சு, போயிருச்சு, சர்டிபிகேட் குடுத்தாங்க, நகல் எடுத்து லேமினேஷன் பண்ணி வெச்சிருக்காரு. அப்பனுக்கு தள்ளுபடி ஆன மாதிரி மகனுக்கும் தள்ளுபடின்னு எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். அது போக செட்டில்ங்கற வார்த்தைக்கு நம்ம ஊர்ல என்னங்க அர்த்தம்? கடைக்காரர்கிட்ட கணக்கை செட்டில் பண்ணிட்டேன்னா பாக்கி இல்லைன்னு அர்த்தம். பொண்ணு பார்க்க வர்றவங்க பையன் லைஃப்ல செட்டில் ஆயிட்டானான்னு கேப்பாங்க. எந்த ஊர்லயாவது செட்டில்னா பாதி குடுத்துட்டு மீதியை ஏமாத்திட்டான்னு அர்த்தம் வருமா? சிபில் ஊர்ல வருமுங்க.

அது எனக்குத் தெரிஞ்சது 2024 பிப்ரவரியில. அதுக்குள்ள ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில லைன் சூப்பர்வைசரா சேர்ந்து சம்பளம் 38,000 பேங்க்ல கிரெடிட் ஆகுது, சம்சாரம் ஒரு ஸ்கூல்ல டீச்சர், அவங்களுக்கு 16,000. அவிநாசி பக்கம் ரெண்டு சென்ட்ல ஒரு வீடு, 29 லட்சம் பேசி ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்து மூணு மாச அக்ரிமெண்ட் போட்டாச்சு. லோன் 30 லட்சத்துக்குள்ள இருந்தா வீட்டு மதிப்புல 90 பர்சண்ட் வரைக்கும் தரலாம்னு ரூல் இருக்கு, எங்களுக்கு 25 லட்சம் போதும். மீதி நாலு லட்சமும் பத்திரச் செலவும் கைக்காசு. நம்ம ஊர்ல முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 பர்சண்ட், அதுக்கு லோன்ல ஒத்தப் பைசா வராது, இதையும் உங்க கட்டுரையில எழுதல. தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா, எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். மேனேஜர் பத்திரத்தைத் தொடவே இல்ல. பான் நம்பரை அடிச்சாரு, கொஞ்ச நேரம் பார்த்தாரு, அப்புறம் மானிட்டரை எம் பக்கம் திருப்புனாரு. 612னு ஒரு நம்பரு. கீழ மாசம் மாசமா சின்னச் சின்னக் கட்டம், கேலண்டர் மாதிரி, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை நாள் தாமதம்னு மூணு எழுத்து நம்பரு. ஒரு அக்கவுண்ட்ல மூணு சைபர், மூணு சைபர்னு ஒழுங்காப் போகுது, இன்னொண்ணுல 030, 060, 090னு படிக்கட்டு மாதிரி ஏறுது. அதுக்கு மேல செட்டில்டுன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல பேங்குக்கு நட்டம் 60,000னு.

"சார், நான்தான் செட்டில் பண்ணிட்டேனே"ன்னேன்.

"அதுதாங்க பிரச்சனையே"ன்னாரு.

அவரு பொறுமையா வெளக்குனாரு, அதுக்கு நன்றி சொல்லணும். முழுசாக் கட்டி முடிச்சா க்ளோஸ்டுன்னு வரும். பேசிக் குறைச்சுக் கட்டுனா செட்டில்டு. கட்டவே இல்லைன்னா பேங்க் தன் கணக்குப் புத்தகத்துல இருந்து எடுத்துரும், அது ரிட்டன் ஆஃப். இதுல செட்டில்டும் ரிட்டன் ஆஃபும் ரிப்போர்ட்ல இருந்தா புதுசா லோன் குடுக்கறவன் கண்ணுக்கு ரெண்டும் ஒரே கறைதான். இந்த ஸ்கோர் போடற ப்யூரோக்காரங்க குறைஞ்சது ஏழு வருஷம் அந்த ரெக்கார்டை வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, 2005ல வந்த கிரெடிட் தகவல் நிறுவனங்கள் சட்டம். லோன் கெடைக்கல, அட்வான்ஸ்ல 50,000தான் திரும்பி வந்துச்சு. வீட்டுக்காரர் மேல தப்பில்ல, மூணு மாசம் அவரும் வேற பார்ட்டிய விட்டுட்டாரு.

இப்ப உங்ககிட்ட வர்றேன் ஐயா. மேனேஜர் சொன்ன அந்த ரிட்டன் ஆஃபை, அதாவது ரைட் ஆஃப்ங்கறதை, நீங்க எப்பவும் தள்ளுபடின்னுதான் போடறீங்க. எல்லாப் பேப்பரும் டிவியும் அப்படித்தான், உங்களை மட்டும் சொல்லல. தள்ளுபடின்னா இனி கட்ட வேண்டாம்னு அர்த்தம், எங்கப்பாவோட பயிர்க்கடன் மாதிரி. ரைட் ஆஃப்னா அது இல்லைங்க. நாலு வருஷம் ஆகி, வராதுன்னு அந்தத் தொகைக்கு முழுசாப் பணம் ஒதுக்கி வெச்ச வாராக்கடனை பேங்க் தன்னோட பேலன்ஸ் ஷீட்ல இருந்து எடுத்து ஓரமா வெக்குது. கடன் வாங்குனவன் பாக்கி அப்படியேதான் இருக்கு, வசூல் நடந்துட்டேதான் இருக்கும், இதைப் பார்லிமெண்ட்ல மந்திரிங்க வருஷா வருஷம் பதில்ல சொல்றாங்க. பெரிய முதலாளிக்கு மன்னிச்சு விட்டுட்டாங்கன்னு படிக்கறவனுக்கு கோவம் வருது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னாகுதுன்னா, என்னை மாதிரி ஆளு தன் ரிப்போர்ட்ல ரிட்டன் ஆஃப்னு பார்த்துட்டு, அட நம்முளுதும் தள்ளுபடி ஆயிருச்சுடான்னு சந்தோஷப்படறான். எங்க கம்பெனில கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் நெஜமாவே அப்படித்தான் எங்கிட்ட வந்து சொன்னாரு, சிரிச்சுட்டே. எனக்கு சிரிப்பு வரல.

செட்டில்மெண்ட் கதை இதோட முடியல, ரிப்போர்ட்ல இன்னொரு கூத்து இருந்துச்சு. எம் பேர்ல ஒரு டிராக்டர் லோன். ஆறு லட்சத்துச் சில்லறை, தாராபுரம் பக்கத்து அட்ரஸ், தொண்ணூறு நாளைக்கு மேல பாக்கி. நான் வாழ்க்கையில டிராக்டர் மேல ஏறுனது எங்க மாமன் தோட்டத்துல, அதுவும் பதினஞ்சு வயசுல. எப்படி வந்துச்சுன்னு பாருங்க. எம் பேரு எங்க ஜில்லாவுல தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். நமக்கு குடும்பப் பேரு கெடையாது, ஒத்த எழுத்து இனிஷியல்தான், அப்பா பேரை முன்னால போடறதா பின்னால போடறதான்னு ஒவ்வொரு ஃபாரத்துலயும் ஒவ்வொரு மாதிரி. பொறந்த தேதியாவது வேறயா இருக்கும்னா அதுவும் இல்ல. எங்க காலத்துப் பசங்களுக்கு முக்காவாசிப் பேருக்கு ஜூன் மாசம்தான் பொறந்தநாளு, ஸ்கூல்ல சேர்க்கறப்ப வாத்தியாரு கைக்கு வந்ததைப் போட்டது. அந்த டிராக்டர்காரருக்கும் அதே வாத்தியாரு போல, அதே தேதி, அதே வருஷம். ஃபைனான்ஸ் கம்பெனி அவரோட பான் நம்பரை ஏத்தாம விட்டுருச்சு, பேரையும் இனிஷியலையும் தேதியையும் வெச்சு கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் ஒருத்தன் ஆக்கிருச்சு. பாவம் அவருக்கு எங் கார்டு பாக்கி அவரு ரிப்போர்ட்ல தெரிஞ்சுதோ என்னமோ.

ரிப்போர்ட்டை நான் முன்னாலயே பார்த்திருக்கலாம், அது எந் தப்பு. 2017ல இருந்து வருஷத்துக்கு ஒருக்கா முழு ரிப்போர்ட்டை இலவசமாக் குடுக்கணும்னு ரூல் இருக்கு, நாம எடுத்துப் பார்க்கறதால ஸ்கோர் குறையவும் குறையாது. ஆனா ஒண்ணு, சிபில் சிபில்னு நாம எல்லாத்தையும் ஒரே பேர்ல சொல்றோமே, அது மாதிரி கம்பெனி நாலு இருக்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒண்ணுல சரி பண்ணிட்டு நான் ஜாலியா இன்னொரு பேங்குக்குப் போனா அவங்க வேற கம்பெனி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கறாங்க, அதுல டிராக்டர் ஜம்முன்னு நிக்குது. நாலையும் எடுத்துப் பார்த்தாத்தான் ஆகும்.

நடுவுல ஒரு மாசம் புத்தி கெட்டும் போனேன், அதையும் சொல்லிடறேன். கரண்ட் கம்பத்துல எல்லாம் ஒட்டியிருப்பாங்களே, சிபில் இல்லையா, கவலை வேண்டாம்னு ஒரு போன் நம்பரோட. கூப்பிட்டேன். ஒரு ஆளு 15,000 குடுங்க, ஒரே மாசத்துல 750 ஆக்கித் தர்றேன்னாரு. அது முடியாதுங்க, யாராலயும் முடியாது. ப்யூரோ தானா ஒரு எழுத்தை மாத்தாது, கடன் குடுத்த பேங்கோ கம்பெனியோ சரின்னு சொன்னாத்தான் மாறும், அதுக்கு நாமளே ஆன்லைன்ல காசில்லாம டிஸ்ப்யூட், அதாவது இது தப்புன்னு புகார், போடலாம். இன்னொரு ஆளு அதை விட யோக்கியமா வந்தாரு, ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ்ல 612க்கே லோன் வாங்கித் தர்றேன், வட்டி 13தான்னு. சம்சாரம் கையெழுத்துப் போட ரெடி, நானும் ரெடி. எங்க மச்சான்தான் போன்ல கணக்குப் போட்டுக் காட்டுனான். 25 லட்சம், 20 வருஷம். எட்டரை வட்டின்னா மாசம் 21,700 கிட்ட. 13ன்னா 29,300 கிட்ட. மாசம் 7,600 வித்தியாசம், 240 மாசத்துக்கு 18 லட்சத்துக்கு மேல வருது. 60,000 பாக்கிக்கு 18 லட்சம் அபராதம்.

அப்படி லோன் வாங்குனவங்களைத் தப்பு சொல்லல. வாடகை குடுக்கறதுக்கு அது மேல்னு எடுக்கறவங்க இருக்காங்க, ரெண்டு வருஷம் ஒழுங்காக் கட்டி ஸ்கோர் ஏறுனதும் பேங்குக்கு மாத்திக்கறவங்களும் இருக்காங்க. தனிநபர் பேர்ல ஃப்ளோட்டிங் வட்டின்னா (ஏறி எறங்கற வட்டி) முன்கூட்டி அடைக்கறதுக்கு பெனால்டி வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. ஆனா அக்ரிமெண்ட்ல ஃப்ளோட்டிங்னு இருக்கான்னு பாருங்க, மாத்தறப்ப மறுபடி லீகல் ஒப்பீனியன், மறுபடி எம்ஓடி பதிவுன்னு (பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சதுக்குப் பண்ற பதிவு) செலவு வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. எங்க சம்பளத்துல 29,000 போயிட்டா ரெண்டு குழந்தைங்க ஃபீஸ் கட்டிட்டு சாப்பிடறதுக்கு ரேஷன் அரிசிதான். வேண்டாம்னு விட்டுட்டோம்.

அப்புறம் நடந்ததைச் சொல்றேன். முதல்ல கார்டு குடுத்த பேங்க். திருப்பூர் கிளைக்குப் போனா கார்டு டிபார்ட்மெண்ட் வேற சார்னு ஒரு டோல் ஃப்ரீ நம்பர் குடுத்தாங்க. அந்த நம்பர்ல பேசறவங்களுக்கு, நான் பாக்கிய முழுசாக் கட்டறேன்னு சொன்னாப் புரியவே இல்ல, உங்களுக்கு பாக்கி சைபர்னு சொல்றாங்க. சைபர்தான், ஆனா நான் அந்த 60,000த்தைக் கட்டணும், கட்டுனா செட்டில்டு போய் க்ளோஸ்டுன்னு வரணும், அதை எழுத்துல குடுங்கன்னு ஏழெட்டு தடவை சொன்னேன். கடன்காரன் நானே துரத்தித் துரத்திக் காசு குடுக்கறேங்கறேன், வாங்கறதுக்கு ஆளில்ல. மூணு வருஷம் முன்னால மாமியாருக்கெல்லாம் போன் பண்ணுனது இதே பேங்க்தான். கடைசியில கோயமுத்தூர் ஆபீசுக்கு நேர்ல போய், ஈமெயில்ல தொகையை எழுதி வாங்கிட்டு, அக்கவுண்ட்லயே கட்டி, பாக்கி இல்லைங்கற நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கினேன். முதல்ல எழுத்துல வாங்கணும், அப்புறம்தான் காசு கட்டணும், இதுல மட்டும் நான் தப்புப் பண்ணல.

டிராக்டருக்கு 2024 ஜூலையில டிஸ்ப்யூட் போட்டேன். இதுக்கு ஒரு நல்ல ரூல் வந்திருக்கு, நெறையப் பேருக்குத் தெரியல. புகார் குடுத்து 30 நாளைக்குள்ள முடிக்கணும், அதுல கடன் குடுத்த கம்பெனிக்கு 21 நாளு. தாண்டுனா நாளைக்கு 100 ரூபா நமக்கு நஷ்டஈடு. 2024 ஏப்ரல் 26ல இருந்து அமல்ல இருக்கு. எனக்கு 47 நாளாச்சு. ரெண்டு மெயில் தட்டிவிட்டேன், 1,700 ரூபா அக்கவுண்ட்ல வந்து விழுந்துச்சு. ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு நான் பட்ட சந்தோஷத்தை சம்சாரம் இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க, ஒரு கிலோ மட்டன் எடுத்துக் கொழம்பு வெச்சோம். அப்படியும் அசையலைன்னா பேங்க் மேல குடுக்கற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன் இருக்காரு, 2022 செப்டம்பர்ல இருந்து இந்த ப்யூரோக்களும் அவரு வரம்புக்குள்ள வந்துருச்சு, 14448க்கு அடிச்சா வெவரம் சொல்லுவாங்க. எனக்கு அந்த அளவுக்குப் போகல.

டிராக்டர் போனதும் 655 ஆச்சு, செட்டில்டு க்ளோஸ்டு ஆனதும் 684. ஆனா அந்த 030, 060 கட்டமெல்லாம் உடனே மறையாது, அது மாசம் மாசமா நகர்ந்து பின்னால போகணும். காத்திருக்கறதைத் தவிர வழியில்ல. செட்டில்மெண்ட் பண்ணவங்களுக்கு குறைஞ்சது 12 மாசம் புதுக் கடன் குடுக்கக் கூடாதுன்னு 2023 ஜூன்ல ரிசர்வ் பேங்க் பொதுவா ஒரு வரம்பு போட்டிருக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு பேங்க்கும் சொந்தமா ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு வெச்சிருக்காங்க. அந்த நேரத்துல நான் பண்ணது ரெண்டு. 20,000 ஃபிக்சட் டெபாசிட் போட்டு அது மேல ஒரு கார்டு வாங்கி, பெட்ரோலுக்கும் மளிகைக்கும் மட்டும் தேய்ச்சு, லிமிட்ல மூணுல ஒரு பங்கு தாண்டாம, தேதிக்கு நாலு நாள் முன்னாலயே முழுசாக் கட்டிட்டு வந்தேன். அடகு வெச்ச அதே செயினை மீட்டு, பேங்க்லயே நகைக்கடனா வெச்சு ஒழுங்கா அடைச்சேன், அதுவும் ரிப்போர்ட்ல நல்ல பேரா ஏறும். பண்ணாதது ஒண்ணு, பேங்க் பேங்க்கா அப்ளிகேஷன் போடல. ஒவ்வொண்ணு போடறப்பவும் என்கொயரின்னு பதிவாகும், ஒரே மாசத்துல அஞ்சு என்கொயரி இருந்தா இவன் காசுக்குப் பறக்கறான்னு நெனைப்பாங்க. ஜனவரி 2025ல இருந்து பேங்குக மாசத்துக்கு ரெண்டு தடவை ப்யூரோவுக்குத் தகவல் அனுப்பணும்னு ஆனதால ஸ்கோர் மாற்றம் சீக்கிரம் தெரிஞ்சுது, அது வரைக்கும் நல்லது.

2025 ஆகஸ்ட்ல ஒரு வாட்ஸ்அப் சுத்துச்சு, இனி லோனுக்கு சிபிலே தேவையில்லைன்னு. எங்க கம்பெனில பாதிப் பேரு ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாங்க. விஷயம் என்னன்னா, முதல் தடவை கடன் கேக்கறவனுக்கு பழைய ரெக்கார்டே இல்லைங்கற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொன்னதை மந்திரி பார்லிமெண்ட்ல சொன்னாரு. ரெக்கார்டு இல்லாதவனுக்குத்தான் அது. ரெக்கார்டு கெட்டவனுக்கு இல்ல. பேங்க் மத்ததையெல்லாம் விசாரிக்கத்தான் செய்யும். இதை உங்க பேப்பர்ல சரியாப் போட்டிருந்தீங்க, அதுக்கு ஒரு நன்றி.

அதே மாசம் ஸ்கோர் 741ல நிக்கறப்ப, எங்க சம்பளம் விழற பேங்க்லயே, ஒரே ஒரு இடத்துல அப்ளை பண்ணினேன். வேற வீடு, 27 லட்சம், லோன் 22 லட்சம், சம்சாரம் கோ அப்ளிகன்ட். அவங்க ரெக்கார்டு சுத்தம், அதனால அவங்க பேர்ல மட்டும் கேக்கலாமேன்னு நெறையப் பேரு யோசனை சொன்னாங்க, 16,000 சம்பளத்துக்கு அவ்வளவு வராது, ரெண்டு பேரும் சேர்ந்தா ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் பார்ப்பாங்க. அப்ளிகேஷனோட ஒரு லெட்டரும் வெச்சேன். யூனிட் மூடினது, செட்டில்மெண்ட், அப்புறம் முழுசாக் கட்டுனது, தேதியோட, நோ டியூஸ் நகலோட. மேனேஜர் கேக்கறதுக்கு முன்னால நாமளே எடுத்து மேஜையில வெச்சிட்டா பேச்சு வேற மாதிரிப் போகுதுங்க. 8.4ல கெடைச்சுது, மாசம் 18,953. சுத்தமான ஸ்கோர்காரனுக்கு இதை விட முக்கால் பர்சண்ட் கம்மிதான், இருக்கட்டும். ரெப்போவோட இணைஞ்ச லோன், அது எறங்குனா எனக்கும் எறங்கும்.

எனக்குக் கெடைச்சுருச்சு, ஆனா ஒன்றரை வருஷம் போச்சு, 50,000 அட்வான்ஸ் போச்சு. இதெல்லாம் எதனாலன்னா 2021ல அந்த ஒரு பக்க லெட்டர்ல தமிழ்ல ரெண்டு வரி இல்லாததால. "நீங்கள் குறைத்துக் கட்டுவதால் உங்கள் கடன் அறிக்கையில் செட்டில்டு என்று பதிவாகும், பிற்காலத்தில் கடன் கிடைப்பது கடினமாகலாம்." இதைத்தான் கேக்கறேன். சிகரெட் அட்டையில படம் போடறோமில்ல, அது மாதிரி செட்டில்மெண்ட் லெட்டர்ல இதைத் தமிழ்ல போட்டு கையெழுத்து வாங்கட்டும். அன்னைக்கு தெரிஞ்சிருந்தா நான் செட்டில்மெண்ட் கேட்டிருக்க மாட்டேன், தவணையா மாத்திக் குடுங்கன்னு கேட்டிருப்பேன். வேற வழியே இல்லாம செட்டில் பண்றவங்களும் இருப்பாங்க, பண்ணட்டும், ஆனா தெரிஞ்சு பண்ணட்டும். வீட்டோட நின்னாப் பரவால்ல, 2025 ஜூன்ல நம்ம ஹைகோர்ட்டே ஒரு வழக்குல, பழைய கடன் ரெக்கார்டு சரியில்லாதவருக்கு பேங்க் குடுத்த வேலை ஆர்டரை ரத்து பண்ணது சரின்னு சொல்லிருச்சு. இருபத்தி ரெண்டு வயசுப் பசங்க ஆப்ல 5,000 வாங்கிட்டு போனை மாத்திட்டு விட்டுடறாங்க, அவங்க வீட்ல யாராவது இதைப் படிச்சா சொல்லி வைங்க.

உங்ககிட்டக் கேக்கறது அதை விடச் சின்னது. ரைட் ஆஃபுக்கு வேற வார்த்தை போடுங்க. கணக்கு நீக்கம்னு போடலாம், ஏட்டுல இருந்து நீக்கம்னு போடலாம், உங்ககிட்ட என்னை விடத் தமிழ் தெரிஞ்சவங்க இருப்பாங்க. எதுவும் சரியா வரலைன்னா ரைட் ஆஃப்னே போடுங்க, புரியாதவன் நாலு பேர்கிட்டக் கேப்பான். தள்ளுபடின்னு போட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்.

லெட்டர் நீளமாயிருச்சு, தெரியும். எங்க வேணும்னாலும் வெட்டிக்கங்க, யூனிட் மூடுன கதையெல்லாம் வேண்டாம்னா எடுத்துருங்க. டிராக்டரையும் தள்ளுபடியையும் மட்டும் வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
பழைய ஜாப் ஒர்க்காரன், புது வீட்டுக்காரன்,
அவிநாசி.